மானிப்பாய் கற்பித்த பாடம்



ஓர் ஊருக்கு வைத்தியர் ஒருவரைக் கொண்டுவருதல் எளிது. அவர் நீங்கிய பின்னரும் வைத்தியம் அவ்வூரிலே நிலைத்திருக்கச் செய்தல் அரிது. பிறர் பொருளாலும் பிறர் ஆளாலும் எழுந்த வைத்தியசாலைகள், அப்பொருளும் ஆளும் நின்றவுடன் கதவடைத்துக் கிடத்தலை வறிய நாடுகள் பல கண்டிருக்கின்றன. அரிதான இச்செயலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நமது நாட்டின் வடபாலில் முயன்று பார்த்தவர் ஒருவர் உளர். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு வந்தனர். அவர்களுட் சிலர் வைத்தியத் தொண்டும் ஆற்றினர். மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரைச் சேர்ந்த கிறீன் 1847இல், தமது 25ஆம் வயதில், இங்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயைத் தம் பணிக்களமாக்கி, நோயாளரைப் பார்ப்பதோடு மாணவர்க்கு வைத்தியமும் கற்பிக்கத் தொடங்கினார். குடாநாட்டு மக்கள் அனைவரையும் ஒரு வைத்தியர் காத்தல் இயலாது. பல வைத்தியரை உருவாக்கினாற் காத்தல் இயலும். அவருடைய எண்ணம் இத்துணை எளிமையானதே.

ஆயினும், ஓர் இடர் விரைவிலே தோன்றிற்று. முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேறியோர்க்கு ஆங்கில அறிவு அரசாங்க உத்தியோகத்துக்கும் நல்ல சம்பளத்துக்கும் வழி திறந்தது. அவர்களிற் பலர் ஊரை விட்டகன்றனர். அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. குடும்பத்தைத் தாங்க நல்ல வழி தேடுதல் மனித இயல்பே. ஆனால் எந்தக் கிராமத்துக்காக அவர்கள் பயிற்றப்பட்டனரோ, அந்தக் கிராமம் வைத்தியரின்றியே இருந்தது.

கிறீன் தம் மாணவரை நொந்துகொள்ளவில்லை. கற்பிக்கும் மொழியை மாற்றினார். இடையிலே தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்த அவர், 1864 முதல் வைத்தியக் கல்வியைத் தமிழிலே நடத்தலானார். தமிழிற் கற்றவர் தமிழரிடையே வாழ்வர். ஊராரிடம் பெறும் வருவாயைக் கொண்டு ஊரிலேயே தொழில் செய்வர். மிஷனின் பொருளுதவியை எதிர்பாரார் என்பது அவர் துணிபு.

தமிழிற் கற்பிப்பதெனின் நூல் வேண்டுமன்றோ? அதனையும் அவர் முன்னரே தொடங்கியிருந்தார். 1857இற் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இற் கெமிஸ்தமும் வெளிவந்தன. 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட இம்மருத்துவத் தமிழ் அவர் ஒருவரின் உழைப்பன்று. டான்வர்த், சாப்மன் முதலிய அவருடைய மாணவர் உடனிருந்து உழைத்தனர். கலைச்சொல் ஆக்குதற்கு அவர் கொண்ட முறையும் நினைவிற் கொள்ளத்தக்கது. முதலிலே தமிழிற் சொல் தேடுவார். கிடையாவிடின் வடமொழியை நாடுவார். அங்கும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எடுத்தாள்வார். கெமிஸ்தம் என்னும் பெயரே இதற்குச் சான்று.

கிறீன் பயிற்றிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டோர். அவர்களுள் 33 பேர் தமிழிலே கற்றவர். 1873இல் அவர் நாடு திரும்பினார். அங்கிருந்தும், 1884இற் காலமாகும்வரை, தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை.

இங்கே வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். கிறீன் சென்ற பின்னர் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இற் கொழும்பிலே அரசாங்கம் நிறுவிய வைத்தியப் பள்ளியிற் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. அரசாங்கத்தின் மதிப்பும் உத்தியோகமும் அப்பக்கமே இருந்தன. மானிப்பாயில் நூல் இருந்தது, கற்றோர் இருந்தனர். ஆனால் ஒருவர் ஓய்ந்தபின் மற்றொருவர் தொடர்ந்து கற்பிப்பதற்கு நிலையான ஏற்பாடு இருக்கவில்லை. பயிற்றப்பட்ட வைத்தியர் தம் காலிலே நின்றனர். அவர்களைப் பயிற்றிய பள்ளியோ ஒருவர் தோளிலே நின்றது. அத்தோள் விலகவே பள்ளியும் சாய்ந்தது.

குறைபட்ட அவ்வேலையின் மற்றொரு பகுதியைப் பின்னாளில் அரசாங்கம் வேறு வழியில் மேற்கொண்டது. 1926இற் களுத்துறையிலே ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வரையறுத்த ஒரு பிரதேசத்தின் நலத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி பொறுப்பேற்க, சுகாதாரப் பரிசோதகரும் தாதியரும் மருத்துவமாதரும் வீடு தேடிச் சென்று தொண்டாற்றும் முறை அங்கே உருப்பெற்று, நாளடைவில் நாடெங்கும் பரவிற்று. கருவுற்ற தாயின் இல்லத்துக்குச் சென்று, அவள் பேசும் மொழியிலேயே அறிவுரை கூறும் மருத்துவமாது, கிறீன் விரும்பிய ஊர் வைத்தியரின் வழித்தோன்றலே எனலாம். அவளுக்கோ பயிற்சியும் சம்பளமும் தனியொருவரின் அன்பினால் வருவனவல்ல; பொதுப் பணத்தினால் வருவன. 1978இல் அல்மா-அற்றாவில் உலக நாடுகள் கூடி, அடிப்படைச் சுகாதாரப் பணி மக்களின் பங்கேற்போடும், சமுதாயம் தாங்கக்கூடிய செலவிலும், தன்னம்பிக்கையோடும் நடைபெறல் வேண்டுமெனப் பிரகடனம் செய்தன. அப்பிரகடனத்தைப் படிக்கும் யாழ்ப்பாணத்தவர்க்கு மானிப்பாயின் நினைவு வாராதிராது.

ஆகவே, வளர்ந்துவரும் நாடொன்று தன் மக்களின் நலத்தைத் தானே பேண விரும்பின், இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தல் நன்று. அறிவு மக்களின் மொழியிலே மக்களின் கைக்கு வந்துள்ளதா? அவ்வறிவை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க நிலையான ஏற்பாடு உளதா? கிறீன் முதற் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தார். இரண்டாவது கேள்விக்கு விடை தருதல் ஒருவரால் ஆவதன்று. அது ஊராரும் அரசும் ஒருங்கு கூடிச் செய்யவேண்டிய பணியாகும்.