முகம் என்னும் முதல் ஏடு

மொழி அறியாத பச்சிளங் குழந்தை நம் முகம் பார்த்துச் சிரிக்கிறது. நம் குரல் சற்றே கடுமையானால் உதட்டைப் பிதுக்குகிறது. அன்றாடம் காணும் காட்சியாதலால் இதில் நமக்கு வியப்பேதும் தோன்றுவதில்லை. ஆயினும், பிறர் உள்ளத்தில் ஓடுவதை அவர்தம் முகத்திலும் குரலிலும் கண்டறியும் ஆற்றல் குழந்தைக்கு எங்கிருந்து வருகிறது? பிறக்கும்போதே உடன் வருவதா, பிறரோடு பழகிப் பெறுவதா? இந்த வினாவுக்கு விடை தேடியவர்களின் வரலாறு மிக நீண்டது. குழந்தைகளை மனிதகுலம் எவ்வாறு நடத்தியது என்பதன் வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றின் சில ஏடுகளை நாம் புரட்டிப் பார்ப்போம்.

ஆயரும் துறவியும்

கி.பி. 397ஆம் ஆண்டையொட்டி, வட ஆப்பிரிக்காவில் இப்போ நகரின் ஆயராயிருந்த புனித அகுஸ்தினார், தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு ஒரு நூல் எழுதத் தொடங்கினார். அதன் முதற் பகுதியில் தம் குழந்தைப் பருவத்தையும் அவர் ஆராய்கிறார். தமக்கே நினைவில்லாத தொடக்க நாட்களைப் பிற குழந்தைகளைக் கண்டு ஊகித்ததாக ஒளிவின்றிச் சொல்கிறார். பேச்சை எவரும் தமக்கு முறை வகுத்துக் கற்பிக்கவில்லை என்றும், பெரியோரின் முகக்குறிப்பும் கண்பார்வையும் உடலசைவும் குரலின் தொனியுமே அவர்கள் எதை விரும்புகிறார்கள், எதை வெறுக்கிறார்கள் என்பதைத் தமக்குக் காட்டிக்கொடுத்தன என்றும் எழுதுகிறார். எல்லா மக்களுக்கும் பொதுவான இயற்கை மொழி என்று அவர் இவற்றைக் கருதினார். சொல்லுக்கு முன்பே குழந்தை உணர்ச்சியைப் படிக்கிறது. அந்தப் படிப்பைத் துணையாகக் கொண்டே சொல்லையும் கற்கிறது என்பது இதன் சாரம்.

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், பார்மா நகரைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி சலிம்பேனே, 1280களில் எழுதிய தம் குறிப்பேட்டில் ஒரு கொடிய சோதனையைப் பற்றிச் சொல்கிறார். எவரும் பேசிக் காட்டாமல் வளர்க்கப்படும் குழந்தை எந்த மொழியைப் பேசும் என்றறிய விரும்பிய பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், சில குழந்தைகளைச் செவிலியரிடம் ஒப்படைத்தாராம். பாலூட்டலாம், நீராட்டலாம், ஆனால் கொஞ்சவோ பேசவோ கூடாது என்பது கட்டளை. குழந்தைகள் அனைவரும் இறந்துபோயினர் என்கிறார் சலிம்பேனே. பேரரசர்மீது அவருக்குப் பகையுணர்வு உண்டு. ஆகவே இச்செய்தியை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் அக்குழந்தைகள் ஏன் இறந்தன என்பதற்கு அவர் கூறும் காரணம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. செவிலியரின் கைதட்டலும், சைகையும், மகிழ்ந்த முகமும், கொஞ்சுமொழியும் இல்லாமல் குழந்தைகளால் உயிர்வாழ இயலாது என்று அவர் எழுதினார். மருத்துவ உலகம் இதே எண்ணத்தை வந்தடைய மேலும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

தந்தையின் குறிப்பேடு

அறிவியல் முறையில் இவ்வினாவை அணுகியோருள் முன்னோடி சார்லஸ் டார்வின். 1839 டிசம்பர் 27 அன்று அவருடைய மூத்த மகன் வில்லியம் பிறந்தான். அன்று முதல் அக்குழந்தையின் அழுகை, சிரிப்பு, அச்சம், சினம் ஆகியவற்றை அவர் குறித்துவைத்தார். ஐந்து மாதம் கடந்த சில நாட்களில், இரக்கம் தோன்றும் முகத்தைக் குழந்தை புரிந்துகொண்டதாக அவருக்குத் தோன்றியது. ஆறு மாதமும் பதினொரு நாளும் ஆனபோது, செவிலித்தாய் அழுவதுபோல் நடித்ததைக் கண்ட குழந்தையின் முகம் வாடியது. வாயின் ஓரங்கள் கீழ்நோக்கி இறங்கின. பெரியவர் எவரும் அழுது அக்குழந்தை அதுவரை கண்டதில்லை. எனவே இவ்வறிவின் வித்து பிறவியிலேயே இருக்கவேண்டும் என்று டார்வின் எண்ணினார். 1872இல் மனிதர், விலங்குகள் ஆகியோரின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய அவர் நூல் வெளிவந்தது. மகனைப் பற்றிய குறிப்புகளோ, எழுதி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், 1877இல்தான் 'மைண்டு' என்ற இதழில் அச்சேறின.

வித்து இருக்கலாம், ஆனால் நீரூற்றாத வித்து என்னவாகும்? அடுத்த நூற்றாண்டு அதற்கான விடையைத் துயரத்தோடு கண்டது.

விரிப்புகளால் மறைக்கப்பட்ட தொட்டில்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை நாடுகளின் மருத்துவமனைகளும் அநாதை இல்லங்களும் நோய்த்தொற்றுக்கு அஞ்சிக் குழந்தைகளைத் தனித்தனியே பிரித்துவைத்தன. தூய்மை காக்கப்பட்டது, தொடுதலும் பேச்சும் அரிதாயின. அமெரிக்க உளவியலறிஞர் ஜான் வாட்சன் 1928இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், பிள்ளைகளை அணைப்பதும் முத்தமிடுவதும் அவர்களைக் கெடுத்துவிடும் என்று பெற்றோரை எச்சரித்தது. காலையில் கைகுலுக்கினால் போதும் என்றது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஹாரி பேக்வின் இதற்கு மாறாகச் சிந்தித்தார். குழந்தைகளின் தனிமையைப் பற்றி 1942இல் அவர் கட்டுரை எழுதினார். கை கழுவாமல் உள்ளே வராதீர் என்ற அறிவிப்பு இருந்த இடத்தில், ஒரு குழந்தையையேனும் கையில் எடுக்காமல் உள்ளே வராதீர் என்ற அறிவிப்பு வந்தது.

வியன்னாவில் பிறந்த மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ், இரு இல்லங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து 1945இல் முடிவுகளை வெளியிட்டார். ஒன்று சிறைச்சாலையைச் சேர்ந்த குழந்தைக் காப்பகம். அங்கே கைதிகளான தாய்மாரே தம் குழந்தைகளை வளர்த்தனர். மற்றொன்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். அங்கே உணவும் மருத்துவமும் குறைவற இருந்தன. ஆனால் தொட்டில்களின் பக்கங்களில் விரிப்புகள் தொங்கவிடப்பட்டிருந்தன. படுத்திருந்த குழந்தைக்குத் தெரிந்தது பெரும்பாலும் கூரை மட்டுமே. முதலில் கூறிய காப்பகத்தின் குழந்தைகள் நன்கு வளர்ந்தனர். இந்த இல்லத்தில் கண்காணிக்கப்பட்ட 91 குழந்தைகளுள் 34 பேர் இரண்டாண்டுகளுக்குள் இறந்தனர். ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் குறைகள் உண்டு என்று பின்னர் சிலர் சுட்டிக்காட்டினர். எனினும் இத்தகைய ஆய்வுகள் மருத்துவமனைகளின் நடைமுறையை மாற்றத் துணைசெய்தன.

அதே ஸ்பிட்ஸ் 1946இல் வேறொன்றையும் காட்டினார். மூன்று மாதக் குழந்தை, நேராகத் தெரிந்து அசையும் முகமூடியைக் கண்டும் சிரிக்கிறது! முகம் கண்டு சிரிப்பது வேறு, முகத்திலுள்ள உணர்ச்சியை உணர்வது வேறு என்பது இதனால் தெளிவாயிற்று. முன்னது எளிதில் வருகிறது. பின்னதற்குப் பழக்கம் வேண்டும்.

கேட்டும் பார்த்தும் கற்றல்

பழக்கம் குரலிலிருந்து தொடங்குகிறது. பிறந்து மூன்று நாட்களுக்குள்ளேயே சிசு தன் தாயின் குரலை வேற்றுக் குரலினின்று பிரித்தறிந்து நாடுகிறது என்று 1980இல் டிகாஸ்பர், பைஃபர் என்னும் இருவர் நிறுவினர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஐந்து மாதக் குழந்தைகள், முன்பு கேட்டறியாத ஜெர்மன், இத்தாலிய மொழிகளிலும் பாராட்டையும் கண்டிப்பையும் தொனியால் வேறுபடுத்தியதாக ஆன் ஃபெர்னால்டு 1993இல் அறிவித்தார். ஆனால் ஜப்பானிய மொழியில் அவ்வாறு நிகழவில்லை. அகுஸ்தினார் சொன்ன பொதுமொழி உண்மைதான். அதற்கும் வட்டார வழக்குகள் உண்டு போலும்.

குரலோடு முகமும் சேரும்போது கல்வி உரையாடலாகிறது. 1978இல் எட்வர்டு டிரானிக்கும் அவர் குழுவினரும் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. விளையாடிக்கொண்டிருந்த தாய், சொல்லியபடி திடீரெனத் தம் முகத்தைச் சலனமற்றதாக்குகிறார். குழந்தை சிரித்து அழைக்கிறது, பயனில்லை. மீண்டும் முயல்கிறது; பின்னர் முகம் திருப்பிக்கொண்டு வாடுகிறது. தன் சிரிப்புக்கு மறுமொழி உண்டு என்பதைச் சில மாதக் குழந்தையே எதிர்பார்க்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

ஓராண்டு நிறையும் வேளையில் பிறர் முகம் குழந்தைக்கு வழிகாட்டியாகவே ஆகிவிடுகிறது. 1985இல் வெளியான ஆய்வொன்றில், தடித்த கண்ணாடிக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோல் தோன்றும் மேசையொன்றில் குழந்தைகள் விடப்பட்டனர். மறுபுறம் தாய்மார் நின்றனர். தாய் மகிழ்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளுள் 14 பேர் கடந்து சென்றனர். அஞ்சிய முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. தாயின் முகத்தை நம்பியே குழந்தை அடியெடுத்து வைக்கிறது!

தவறிய பாடங்கள்

நம்பத் தகுந்த முகம் வாய்க்காத குழந்தை எதைக் கற்கிறது? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேத் போலக் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவரும் உடனாய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பின்றிப் புறக்கணிக்கப்பட்ட குழந்தைகள் ஓர் உணர்ச்சியை மற்றொன்றினின்று பிரித்தறிய இடர்ப்பட்டனர். அடிபட்டு வளர்ந்தவர்களோ சினத்தை எளிதில் கண்டனர். மங்கலான படம் சிறிது சிறிதாகத் தெளிவாகும்படி காட்டியபோது, மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே இவர்கள் சினமுகத்தை இனங்கண்டனர் என்பது 2002இல் வெளியாயிற்று. இதைக் குறைபாடு என்று மட்டும் கூறிவிட முடியாது. எந்தக் கணம் அடி விழுமோ என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தன் பாடத்தை நன்றாகவே கற்றிருக்கிறது. கற்பிக்கப்பட்ட பாடந்தான் கொடியது. அப்பிள்ளை பள்ளிக்குச் செல்லும்போதும் நண்பனின் சாதாரண முகத்தில் பகையைக் காணக்கூடும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. கிழக்கு ஐரோப்பிய அநாதை இல்லங்களில் வாழ்ந்து, பின்னர் அமெரிக்கக் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வு, முகத்தில் உணர்ச்சியைக் கண்டறிவதில் அவர்கள் பின்தங்கியிருப்பதைக் காட்டியது. இல்லத்தில் கழித்த காலம் கூடக்கூட இடர்ப்பாடு கூடியது. குடும்பத்தில் கழித்த காலம் கூடக்கூட அது குறைந்தது. தாமதமாய்க் கிடைத்த முகமும் பாடம் நடத்துகிறது.

பிறவியா, பழக்கமா என்ற வினாவுக்கு வரலாறு தரும் விடையை இவ்வாறு தொகுக்கலாம்: கற்கும் ஆவலோடு குழந்தை பிறக்கிறது, கற்பது எதுவென்பதை அதைச் சூழ்ந்துள்ள முகங்களும் குரல்களும் தீர்மானிக்கின்றன. பெற்றோரும் ஆசிரியரும் குழந்தை இல்லங்களை நடத்துவோரும் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். உணவும் உடையும் தூய்மையும் தந்துவிட்டோம் என்று நாம் நிறைவடையும் நாளில், எத்தனை குழந்தைகளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசினோம் என்பதையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. கைதட்டலும் மகிழ்ந்த முகமும் கொஞ்சுமொழியும் குழந்தையின் உயிருக்குத் தேவை என்று எழுதிய அந்தப் பார்மா துறவியிடம் ஆய்வுக்கூடம் ஏதுமில்லை. குழந்தைகளைக் கூர்ந்து நோக்கும் எவருக்கும் கிட்டக்கூடிய அறிவுதான் அது. நமக்கும் அது கிட்டும்.