எலியின் கல்லீரல்

இரத்தத்தில் உலவும் கொலஸ்ட்ரால் முழுவதும் உணவிலிருந்தே வருகிறது என்பது நம்மில் பலரின் எண்ணம். உண்மையில் அதன் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. அவ்வாக்கத்தில் கல்லீரலுக்குத் தனிப் பங்குண்டு. நீண்ட அவ்வேதிவினைத் தொடரின் வேகத்தைத் தன் பிடியில் வைத்திருப்பது எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்னும் நொதி.

அந்நொதியைத் தடுக்கும் பொருளை 1971இல் தேடப் புறப்பட்டவர் ஜப்பானியர் அகிரா எண்டோ. அகிதாவில் உழவர் குடும்பத்தில் 1933இல் பிறந்த அவருக்கு இளமை முதலே காளான்கள்மீது ஈடுபாடு. பூஞ்சைகள் தம் பகையுயிர்களை வெல்ல அத்தகைய பொருளைச் சுரக்கக்கூடும் எனக் கருதினார். ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தபின், கியோத்தோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியில் கண்ட பெனிசிலியப் பூஞ்சையிலிருந்து 1973இல் அது கிட்டியது. அதுவே கம்பாக்டின்.

சோதனைக் குழாயில் வென்ற கம்பாக்டின் எலிகளிடம் தோற்றது. வாரக்கணக்கில் ஊட்டியும் அவற்றின் கொலஸ்ட்ரால் குறையவில்லை. எலியிடம் பலிக்காத மருந்தை யார்தான் மதிப்பர்? எண்டோ கைவிடவில்லை. முட்டையின் மஞ்சட்கருவில் கொலஸ்ட்ரால் மிகுதி. ஆகவே கோழியின் இரத்தத்திலும் அது மிகுந்திருக்கும் எனக் கணித்து, 1976இல் கோழிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தார். ஒரே மாதத்தில் கொலஸ்ட்ரால் பாதியளவாகக் குறைந்தது. கோழிகளோ வழக்கம்போல் முட்டையிட்டுக்கொண்டிருந்தன!

எலி மட்டும் ஏன் மசியவில்லை? தடை நேர்ந்ததும் அதன் கல்லீரல் அந்நொதியையே பன்மடங்காகப் பெருக்கி ஈடுசெய்துவிட்டது. இதன் உட்பொருளை விளக்கியவர்கள் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவரும். உயிரணுவின் மேற்பரப்பில் இரத்தக் கொலஸ்ட்ராலைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் உண்டென முன்பே கண்டிருந்தனர். 1990களில் மற்றொன்றும் தெளிவாயிற்று. உயிரணுவினுள் கொலஸ்ட்ரால் குறைந்தால், சவ்வில் கட்டுண்டு கிடக்கும் புரதமொன்று வெட்டுண்டு, அதன் துண்டு உட்கருவை அடைந்து சில மரபணுக்களைத் தட்டியெழுப்புகிறது. நொதிக்கான மரபணு அவற்றுள் ஒன்று; ஏற்பிக்கான மரபணு மற்றொன்று. ஆகவே, மருந்துண்ட மனிதரின் கல்லீரல் தட்டுப்பாட்டை உணர்ந்து ஏற்பிகளைப் பெருக்கி, இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. மருந்தின் பயன் பெரிதும் இதனால் விளைவதே.

1985இல் நோபல் பரிசு டல்லஸ் அறிஞர் இருவருக்கும் கிடைத்தது, தகுதியான பரிசுதான். ஆயினும் 2024இல் 90ஆம் வயதில் மறையும்வரை எண்டோவுக்கு அது கிட்டாமற் போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 1987இல் அமெரிக்காவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இவ்வின மருந்தும் அவருடைய கம்பாக்டின் அன்று. அதன் உடன்பிறப்பு போன்ற லோவாஸ்டாட்டின்.