உதடு முன்னே, குரல் பின்னே

படம் ஓடுகிறது. பேசுபவர் வாயை மூடி இரண்டு வினாடி கழித்து வார்த்தை வந்து சேருகிறது. பழைய கேசட்டையோ சிடியையோ கணினிக்கு மாற்றியவர்கள் வீட்டில் இது ஒரு முறையாவது நடந்திருக்கும். "கோப்பு கெட்டுப் போச்சு" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். பல நேரங்களில் கோப்பு கெட்டிருப்பதில்லை. அதில் எழுதியிருக்கும் ஒரு எண் தப்பாக இருக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1953-ல் அமெரிக்காவில் எடுத்த முடிவு ஒன்று 2012-ல் புனேயில் என் மடிக்கணினிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. தாத்தா 1998-ல் நியூஜெர்சியில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கேம்கார்டரை ஸ்டாண்டில் வைத்து அவரைப் பேசச் சொன்னார். படித்த பள்ளிக்கூடம், வயல், பாட்டியைப் பெண் பார்க்கப் போன கதை என்று 45 நிமிடம் பேசினார். கேசட் கும்பகோணம் வந்தது. எங்கள் விசிஆரில் போட்டால் கறுப்பு வெள்ளையாக உருண்டு உருண்டு ஓடியது. அமெரிக்க கேசட் என்டிஎஸ்சி, நம் ஊர் விசிஆர் பால் முறை. 2003-ல் ஒரு கடையில் கொடுத்து ஏவிஐ கோப்பாக மாற்றி வாங்கினோம். கேசட் பிறகு பூஞ்சை பிடித்துப் போனது. 2006-ல் தாத்தாவும் போய்விட்டார். மிஞ்சியது அந்த ஒரு கோப்பு.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். போகப் போக குரல் பின்தங்கும். பெண் பார்த்த கதை கடைசியில் வருவதால் அங்கேதான் மோசம். பாட்டி ஒரு முறை பார்த்துவிட்டு, "அவர் பேசுற மாதிரியே இல்லப்பா. யாரோ பின்னால நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். 2012-ல் பாட்டிக்கு 80 வயது முடிந்தது. அதற்குள் இதைச் சரி செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சரி, இப்போது சரித்திரத்துக்குப் போவோம்.

அமெரிக்காவின் கறுப்பு வெள்ளை டிவி 1941-ல் வகுத்த தரப்படி வினாடிக்குச் சரியாக 30 படம், அதாவது 30 பிரேம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதில் பாதி. 1953-ல் வண்ணம் சேர்த்தபோது ஒரு நிபந்தனை இருந்தது. வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் அதே ஒளிபரப்பு தெரிய வேண்டும். ஆகவே பழைய அலைவரிசைக்குள்ளேயே வண்ணத்துக்கான துணை அலையையும் நுழைத்தார்கள். அது ஒலிக்கான 4.5 மெகாஹெர்ட்ஸ் அலையோடு மோதினால் திரையில் புள்ளி புள்ளியாகக் கோலம் தெரியும். ஒலி அலையை நகர்த்தினால் பழைய பெட்டிகளில் சத்தம் கெடலாம். எனவே ஒலியை அப்படியே விட்டுவிட்டு, படத்தின் வேகத்தை 1001-க்கு 1000 என்ற விகிதத்தில் குறைத்தார்கள். 30 பிரேம் 29.97 ஆனது. வித்தியாசம் 0.1 சதவீதம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கணக்கில் மணிக்கு 3.6 வினாடி.

இந்தியாவுக்கு இந்தத் தலைவலி வரவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1959-ல் டெல்லியில் டிவி தொடங்கியதும், 1982-ல் வண்ணம் வந்ததும் வினாடிக்கு 25 பிரேம் கணக்கில்தான். நமக்கு வேறொரு சிக்கல். சினிமா வினாடிக்கு 24 பிரேம். பால் முறையில் அதை அப்படியே 25-ஆக ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். படமும் ஒலியும் சேர்ந்தே வேகமாக ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை. ஒன்று மட்டும் வேகம் மாறினால்தான் வம்பு.

அடுத்தது கோப்பின் கதை. மைக்ரோசாஃப்ட் 1992-ல் கொண்டுவந்த ஏவிஐ கோப்பில் ஒவ்வொரு பிரேமுக்கும் நேரம் குறித்து வைப்பதில்லை. வினாடிக்கு எத்தனை பிரேம் என்ற எண் மட்டும் தலைப்பகுதியில் இருக்கும். ஓட்டும் நிரல் எண்ணி எண்ணி நேரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். 1988-ல் கூடிய எம்பெக் குழு வேறு வழியில் போனது. வினாடியை 90,000 துளியாகப் பிரித்து, இந்தப் படத்தை இந்தத் துளியில் காட்டு என்று நேரமுத்திரை போட்டார்கள். 25 பிரேம் என்றால் ஒன்றுக்கு 3600 துளி, 30 என்றால் 3000, அமெரிக்க 29.97 என்றால் 3003. எல்லாமே முழு எண்கள், எவ்வளவு நேரம் ஓடினாலும் பிசகாது. நம் வீடுகளில் குவிந்த கல்யாண விசிடிகள் இந்த எம்பெக் வகைதான்.

எங்கள் கோப்போ ஏவிஐ. கடையில் அதன் தலைப்பகுதியில் 29.97-க்குப் பதிலாக 30 என்று பதிந்துவிட்டது. ஆனால் இது எனக்குத் தெரிவதற்கு இரண்டு வாரம் ஆனது.

கையில் இருந்த கருவி எஃப்எஃப்எம்பெக். பிரான்ஸ் நாட்டு ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-ல் தொடங்கிய திறமூல நிரல். பெயரில் உள்ள இரண்டு எஃப், 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்'. பொத்தான், ஜன்னல் எதுவும் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளையாகத் தட்ட வேண்டும். நான் தட்டியதும் முதலில் வந்தது, "இந்த நிரல் வழக்கொழிந்தது" என்ற எச்சரிக்கை! 2011-ல் அந்தக் குழு இரண்டாகப் பிரிந்து லிப்ஏவி என்ற கிளை உருவாகியிருந்தது. என் உபுண்டுவில் இருந்தது அந்தக் கிளையின் பிரதி. எச்சரிக்கை அந்தப் பிரதியைப் பற்றியதுதான், மூல நிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2015-ல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது. அன்று இது புரியாமல் பயந்துபோய் அரை நாள் வீண். பிறகு மூல நிரலையே இறக்கிக்கொண்டேன்.

அடுத்தடுத்து தப்பு செய்தேன். ஐடிஎஸ்ஆஃப்செட் என்ற கட்டளை படத்தையோ ஒலியையோ மொத்தமாக முன்னே பின்னே தள்ளும். அதை வைத்து படத்தை ஒன்றரை வினாடி தள்ளினேன். நடுவில் சரியானது. தொடக்கத்தில் தாத்தா வாயைத் திறக்கும் முன்பே குரல் வந்தது. இப்படி நாலைந்து முறை மறுபடி மறுபடி மாற்றியதில் முகம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. நல்லவேளை, மூலக் கோப்பை வேறு டிஸ்கில் வைத்திருந்தேன்.

அதன் பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். எஃப்எஃப்ப்ரோப் நிரலை வைத்து படத்தின் நீளத்தையும் ஒலியின் நீளத்தையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஒலி 45 நிமிடம். படம் 44 நிமிடம் 57.3 வினாடி. 2700-ஐ 2697.3-ஆல் வகுத்தால் 1.001. 1953-ன் அதே விகிதம்! தாத்தாவைப் படம்பிடித்த கேமரா அமெரிக்கக் கேமரா என்பது அப்போதுதான் உறைத்தது.

தீர்வு ஒரே வரி. அதே கோப்பை உள்ளீடாக இரண்டு முறை கொடுத்தேன். முதலாவதின் நேரத்தை ஐடிஎஸ்ஸ்கேல் கட்டளையால் 1.001 மடங்கு நீட்டி, அதிலிருந்து படத்தை எடுத்தேன். இரண்டாவதிலிருந்து ஒலி. இரண்டையும் மறுபடி சுருக்காமல் 'காப்பி' என்று சொல்லி, நேரமுத்திரை வைக்கத் தெரிந்த மட்ரோஸ்கா கோப்பில் போட்டேன். நேரமுத்திரை இல்லை என்று நிரல் நின்றது. முத்திரையை நீயே உண்டாக்கிக்கொள் என்று சொல்லும் ஜென்பிடிஎஸ் கொடியைச் சேர்த்ததும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. படத்தின் தரம் துளியும் குறையவில்லை.

உங்கள் வீட்டுக் கோப்பிலும் இப்படி இருந்தால் முதலில் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் ஐடிஎஸ்ஆஃப்செட் போதும். போகப் போக வளர்ந்தால் இரண்டு நீளத்தையும் வகுத்துப் பாருங்கள், விகிதம் எங்கே பிசகியது என்று சொல்லிவிடும். ஓர் இடத்தில் திடீரென்று தாவினால் அங்கே பிரேம்கள் விழுந்திருக்கலாம், அந்த இடத்தில் வெட்டித் தனித்தனியாகச் சரி செய்ய வேண்டும். எது செய்தாலும் மூலத்தில் கை வைக்காதீர்கள். முடிந்தவரை 'காப்பி' போடுங்கள். மூலக் கேசட் இன்னும் ஓடுகிறது என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பாட்டியிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய் வைத்தேன். கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் போட்டேன். பெண் பார்க்க வந்தபோது பலகாரம் உப்பாக இருந்தது என்று தாத்தா சொல்லும் இடம் வந்தது. பாட்டி திரையைப் பார்த்துச் சொன்னார்:

"பொய். அன்னிக்கு நான் ஒண்ணும் செய்யல, எங்க அம்மா செஞ்சாங்க. முதல்லேர்ந்து போடு."