சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம்

வாக்குமூலம் பெறவோ பணம் பறிக்கவோ ஒருவருக்கு வேண்டுமென்றே கடும் வலியை உண்டாக்குவது சித்திரவதை. பேராபத்தைத் தடுக்க வேறு வழியில்லாதபோது அது நியாயமே என வாதிடுவோர் உண்டு. நடைமுறையில் அது எதற்குப் பயன்பட்டது என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் நடந்த ஒரு விசாரணை காட்டுகிறது.

பின்னணி

சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க உழவர்கள் வதைக்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு 1854 ஜூலையில் பிரித்தானிய மக்களவையில் எழுந்தது. அதைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. 1,959 முறையீடுகள் அதனிடம் வந்தன. 1855 ஏப்ரலில் அறிக்கை அளிக்கப்பட்டது.

வதை முறைகள்

இரண்டு கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிப்பது 'கிட்டி'. உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி, அசைய முடியாத நிலையில் வைப்பது 'அண்ணாந்தாள்'. சிலரது முதுகில் கல்லும் ஏற்றப்பட்டது. வெயிலில் நிறுத்துவதும் பட்டினி போடுவதும் வழக்கமாக இருந்தன. இவை எந்தப் பேராபத்தையும் தடுக்க நடந்தவை அல்ல. பெரும்பாலும் சிறு தொகை வரிபாக்கிக்காகவே நடந்தன.

1816 முதல் வரிவசூலும் காவல் பணியும் தாசில்தாரின் கீழ் இருந்தன. எனவே வதைபட்டவர், வதைத்தவரின் அலுவலகத்திலேயே முறையிட வேண்டியிருந்தது. சித்திரவதை நடப்பது உண்மை என ஏற்ற ஆணையம், பழியை உள்நாட்டுக் கீழ்நிலை ஊழியர்கள் மீது சுமத்தி ஐரோப்பிய அதிகாரிகளைக் காத்தது. இந்த அறிக்கையைக் கொண்டு கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் கம்பெனி ஆட்சியைக் கண்டித்து எழுதினார்.

சட்டம் சொன்ன விடை

வலி தாங்காதவர் வலி நிற்பதற்காகப் பேசுவார். அவர் சொல்வது உண்மையா, வதைப்பவர் கேட்க விரும்பியதா என்று பிரித்தறிய வழியில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று 25-ஆம் பிரிவில் விதித்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 330-ஆம் பிரிவில், ஒப்புதல் பெறக் காயப்படுத்துவோருக்கு 7 ஆண்டுகள் வரை சிறை விதித்தது. வரிபாக்கிக்காக வதைக்கும் வருவாய் அதிகாரியே அப்பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

எனினும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. காவலில் இருப்பவர் தரும் தகவலால் ஒரு பொருளோ செய்தியோ கண்டறியப்பட்டால், அதற்குத் தொடர்பான பகுதியைச் சான்றாகக் கொள்ளலாம் என்றது சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. 'பலன் கிடைத்தால் போதும்' என்ற எண்ணத்துக்கு அது இடமளித்தது. 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது.

எந்த அசாதாரணச் சூழலும் சித்திரவதையை நியாயப்படுத்தாது என்கிறது 1984-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை. இந்தியா 1997-இல் அதில் கையெழுத்திட்டது. ஆனால் ஏற்புறுதி அளிக்கவில்லை. விதிவிலக்காகத் தொடங்கும் வன்முறை, தடுப்பார் இல்லாதபோது அன்றாட நிர்வாக முறையாகிவிடும் என்பதே 1855 அறிக்கை தரும் பாடம்.