விடுப்பில் பிறந்த நாவல்

அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களில் எழுத்து ஆசை உள்ளவர்கள் நிறையப் பேர். பகலில் கோப்பு, இரவில் கதை என்று காலம் தள்ளியவர்கள். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் பாதியில் நிற்கும் நாவல்கள் மூன்று நான்காவது இருக்கும். ஒன்றை ஆரம்பிப்பார்கள், பத்து அத்தியாயம் போகும். மாற்றல் உத்தரவு வரும், அல்லது மகள் கல்யாணம் வரும், கதை நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து வேறொரு கதை தோன்றும். ஓய்வு பெற்றபின் அந்த நோட்டுகளைப் பார்த்து, "முடிக்காததை வைத்துக்கொண்டு என்ன செய்வது, எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்பவர்களுக்காக ஒரு பிரெஞ்சுக்காரரின் கதையைச் சொல்கிறேன். அவரும் நம்மைப் போல அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்தான்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு 'லகார்த் எ மிஷார்' என்ற தடித்த பாடநூல் தெரியும். நூற்றாண்டுக்கு ஒரு தொகுதி. அதில் 19-ஆம் நூற்றாண்டுத் தொகுதியில்தான் ஸ்தாந்தால் என்ற பெயரை முதலில் பார்த்தோம். பரீட்சைக்குத் தேவையானது இரண்டு நாவல்களின் பெயர்கள்: 'லெ ரூழ் எ லெ நுவார்', அதாவது 'சிவப்பும் கறுப்பும்', 'லா ஷார்த்ரேஸ் த பார்ம்', அதாவது 'பார்மா நகரத்துத் துறவிமடம்'. அவர் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதப் போக்குவரத்து பார்த்தவர் என்பது அப்போது மனதில் பதியவில்லை. நானே பல வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பகுதி சுவாரசியமாகப் பட்டது.

அவருடைய உண்மைப் பெயர் மரி-ஆன்ரி பேல். 1783 ஜனவரி 23-ஆம் தேதி கிரெனோபிள் நகரில் பிறந்தார். ஏழு வயதில் தாயை இழந்தார். 17 வயதில் நெப்போலியன் படையோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி மிலான் போய்ச் சேர்ந்தார். பிறகு படைக்கான தளவாட நிர்வாகத்தில் வேலை. 1812-இல் ரஷ்யப் படையெடுப்பிலும் போய் உயிரோடு திரும்பினார். 1814-இல் நெப்போலியன் வீழ்ந்ததும் இவருடைய உத்தியோகமும் போயிற்று. ஸ்தாந்தால் என்ற புனைபெயரை 1817-இல் எடுத்துக்கொண்டார். ஸ்டெண்டால் என்ற ஜெர்மானிய ஊரின் பெயர் அது. முதல் நாவல் 'அர்மான்ஸ்' 1827-இல் வந்தபோது அவருக்கு வயது 44. தாமதமாக ஆரம்பித்துவிட்டோமே என்று வருந்துகிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

1830 ஜூலைப் புரட்சிக்குப் பிறகு புதிய அரசு இவருக்கு ட்ரியெஸ்ட் துறைமுகத்தில் கான்சல் பதவி கொடுத்தது. கான்சல் என்றால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் தன் நாட்டு வணிகத்தையும் பயணிகளையும் கவனிக்கும் அதிகாரி. நவம்பரில் அவர் பாரிசை விட்டுக் கிளம்பிய சமயத்தில்தான் 'சிவப்பும் கறுப்பும்' கடைக்கு வந்தது. வாழ்நாளின் பெரிய புத்தகம் வெளியாகும்போது ஆசிரியர் ஊரில் இல்லை. ட்ரியெஸ்ட் அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. இவருடைய எழுத்தும் கருத்தும் பிடிக்காத மெட்டர்னிக் அரசு, நியமனத்தை ஏற்க மறுத்துவிட்டது. அதனால் 1831-இல் போப்பாண்டவர் ஆட்சிக்கு உட்பட்ட சிவிதவெக்கியா என்ற சிறு துறைமுகத்துக்கு மாற்றினார்கள். ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ட்ரியெஸ்டை விடச் சம்பளமும் குறைவு. சாகும்வரை அந்தப் பதவிதான்.

வேலை என்னவென்றால், கப்பல் வரவு போக்கு, பயணிகளின் ஆவணங்கள், தொற்றுநோய்க் காலத்தில் துறைமுகக் கட்டுப்பாடு, இவற்றைப் பற்றிப் பாரிசுக்கு அறிக்கைகள். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அவ்வப்போது காய்ச்சல். தொனாத்தோ புச்சி என்ற பழம்பொருள் வியாபாரியோடு சேர்ந்து எத்ருஸ்கர் காலத்துக் கல்லறைகளைத் தோண்டிப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. அலுவலகத்தில் தவெர்னியே என்று ஒரு கீழ் அதிகாரி. அவருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. கான்சல் இருக்கையில் இருப்பதில்லை, ரோமிலேயே கிடக்கிறார் என்ற புகார் மேலே போனது. புகார் பொய்யும் அல்ல. 1835-இல் இவருக்கு லெழியோன் தொனேர் விருது வந்தது. நிர்வாகிக்காக அல்ல, எழுத்தாளர் என்ற முறையில். அதில் அவருக்கு மனக்குறைதான். அலுவலகம் எழுத்தாளராகப் பார்க்கிறது, எழுத்துலகம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. இரண்டு பக்கமும் அரைக்கால்.

இந்த நிலையில் இருந்தவர் என்ன எழுதினார், எது எந்த நிலையில் நின்றது என்று ஒரு நிலுவைப் பதிவேடு போட்டுப் பார்த்தேன். பழைய குமாஸ்தா புத்தி போகுமா?

1832-இல் 'சமூக அந்தஸ்து' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு நாவல். ஆரம்பித்துச் சில பக்கங்களில் நின்றது. அதே ஆண்டு தன் பாரிஸ் நாட்களைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்பு. இரண்டு வாரம் வேகமாக எழுதி, வெயில் தாங்கவில்லை என்று நிறுத்தினார். 1834-இல் 'லூசியன் லூவென்'. 1835-இன் கடைசியில் தன் சிறுவயதுக் கதையான 'ஆன்ரி புருலாரின் வாழ்க்கை'. 1836 மார்ச்சில் நின்றது. 1837-இல் 'இளஞ்சிவப்பும் பச்சையும்'; நின்றது. 1839-இல் 'ஃபெடெர்', நின்றது. அதே ஆண்டு 'லாமியெல்'. சாகும்வரை கையில் இருந்தது, முடியவில்லை. 'சுவோரா ஸ்கொலாஸ்தீகா' என்ற கன்னியாஸ்திரி கதையும் அப்படியே. இத்தனைக்கும் நடுவில் முடிந்து அச்சேறிய ஒரே பெரிய நாவல், 1839-இல் வந்த 'பார்மா நகரத்துத் துறவிமடம்'.

இவற்றில் 'லூசியன் லூவென்' தனியாகச் சொல்ல வேண்டியது. கோத்தியே என்ற சிநேகிதி தான் எழுதிய ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டிருந்தார். அதைப் படித்துத் திருத்தம் சொல்லப் போனவருக்கு, 1834 மே மாதத்தில், அந்தக் கருவிலிருந்து தன் சொந்த நாவலே கிளம்பிவிட்டது. பணக்கார வங்கிக்காரரின் மகன் ஒருவன் முதலில் ராணுவ அதிகாரியாகிறான், பிறகு மந்திரியின் செயலாளராகிறான். தேர்தலில் அரசாங்கம் எப்படிக் கைவைக்கிறது, தந்திக் கம்பம் வழியாக உத்தரவு எப்படிப் பறக்கிறது, மந்திரி எப்படிப் பேரம் பேசுகிறார் என்பதெல்லாம் அதில் வருகிறது. உள்ளேயிருந்து பார்த்தவரால் மட்டுமே எழுத முடிந்த விஷயங்கள். ஆனால் அந்த அரசாங்கத்தின் சம்பளத்தில்தான் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதவியில் இருக்கும்வரை இதை அச்சிட முடியாது என்று அவரே குறித்து வைத்தார். தலைப்பை மாற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாம் பாகத்தை எழுதவே இல்லை. அச்சுக்குப் போகாத கதைக்கு முடிவு எழுதும் அவசரம் யாருக்கு வரும்? அரசு ஊழியர் நடத்தை விதிகளைப் பயந்து, கதையை இழுப்பறைக்குள் வைத்த நம்மவர்களுக்கு இது புரியும்.

'ஆன்ரி புருலார்' காகிதங்களில் இன்னொரு வேடிக்கை. பிரித்துப் பார்க்கும் போலீசாரை ஏமாற்றுவதற்காக, இது ஆங்கிலத்தில் பேர்பெற்ற 'வேக்ஃபீல்டு பாதிரியார்' என்ற நாவலைப் பின்பற்றிய கற்பனைக் கதை என்று மேலே எழுதி வைத்தார். உள்ளே முழுக்கத் தன் சொந்த வாழ்க்கை. நினைவுக்கு வந்த அறை, தெரு, வகுப்பறை எல்லாவற்றுக்கும் ஓரத்தில் சிறு வரைபடம் போட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். தான் எங்கே உட்கார்ந்திருந்தேன், தாத்தா எங்கே நின்றார் என்று குறி வேறு. எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1836-இல், விடுப்பு மஞ்சூராகி உத்தரவு வந்தது. பேனாவை வைத்துவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தார். அந்தப் புத்தகம் அங்கேயே நின்றது.

அந்த விடுப்புதான் இந்தக் கதையின் திருப்பம். சில மாதத்துக்கு என்று வாங்கிய விடுப்பு மூன்று ஆண்டு நீண்டது. வெளியுறவு மந்திரியாக வந்த மொலே இவர்மேல் பிரியமுள்ளவர். திரும்பிப் போ என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கு அப்படி ஒரு மேலதிகாரி வாய்த்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1838 ஆகஸ்டில் ஒரு பழைய இத்தாலியக் கையெழுத்துப் பிரதியைப் புரட்டினார். ஃபார்னேசே என்ற பெரிய குடும்பம் எப்படி முன்னுக்கு வந்தது என்று சொல்லும் பிரதி. இதைச் சிறு நாவலாக்கலாம் என்று அதிலேயே குறித்து வைத்தார். நவம்பர் 4-ஆம் தேதி பாரிசில், கொமார்த்தேன் தெரு வீட்டில், ஆரம்பித்தார். நகல் எழுதுபவருக்கு வாயால் சொல்லச் சொல்ல, டிசம்பர் 26-ஆம் தேதி முடித்துவிட்டார். சுமார் ஏழரை வாரம்! வாட்டர்லூ போர்க்களத்தில் நின்றுவிட்டு, தான் பார்த்தது போர்தானா என்று தெரியாமல் தவிக்கும் பையன் அந்த நாவலில்தான் வருகிறான். போரை எப்படி எழுதுவது என்று இதிலிருந்து கற்றதாகப் பிற்காலத்தில் தல்ஸ்தோய் சொன்னார். அவ்வளவு வேகத்திலும் ஒரு கஷ்டம் வந்தது. இரண்டு தொகுதிக்குள் அடங்க வேண்டும் என்று பதிப்பாளர் சொன்னதால், கடைசிப் பகுதியைச் சுருக்க வேண்டியதாயிற்று. படிப்பவர்களுக்கு இன்றும் அந்த அவசரம் தெரியும்.

ஏழரை வாரத்தில் எழுதினார் என்று கேட்டதும் மேதை என்று கைதட்டிவிட்டுப் போகக்கூடாது. அந்த இத்தாலியப் பிரதிகள் எங்கிருந்து வந்தன? சிவிதவெக்கியா பதவியில் சலித்துப்போய் ரோமில் சுற்றியபோது, பழைய குடும்பங்களின் நூலகங்களில் கிடந்த குற்றக் கதைகள், குடும்பக் கதைகளைக் கூலி கொடுத்து நகல் எடுத்துச் சேர்த்தவர் இவர். சின்ன அரசவையில் நடக்கும் சூழ்ச்சி, போலீஸ் பயம், மேலிடத்துக்கு எழுதும் பணிவான கடிதம், இவையெல்லாம் பதவியில் தினமும் பார்த்தவை. பாதியில் நின்ற நாவல்களில் கை பழகியிருந்தது. சரக்கைக் கொடுத்தது உத்தியோகம், நேரத்தைக் கொடுத்தது விடுப்பு. ஒன்று இல்லாமல் மற்றொன்று மட்டும் இருந்திருந்தால் இந்த நாவல் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

1839-இல் மொலே பதவி இழந்தார். இவரும் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1840 செப்டம்பரில் பல்சாக் தன் சொந்தப் பத்திரிகையில் 'பார்மா' நாவலைப் பற்றி மிக நீண்ட பாராட்டுக் கட்டுரை எழுதினார். ஒதுங்கிக் கிடந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! பதில் கடிதத்துக்கு மூன்று வரைவு எழுதினார். நடை பிடிபடுவதற்காகக் காலையில் சிவில் சட்டத் தொகுப்பில் சில பக்கம் படிப்பேன் என்று அதில் சொல்கிறார். பல்சாக் சொன்னபடி நாவலைத் திருத்தவும் உட்கார்ந்தார். அச்சான ஒரே நாவலும் மறுபடி நிலுவைக் கோப்பாயிற்று! நல்லவேளை, நாம் படிப்பது பழைய வடிவம்தான்.

1841-இல் பக்கவாதம் தாக்கியது. மறுபடி விடுப்பில் பாரிஸ் வந்தார். 1842 மார்ச் 21-ஆம் தேதி ஒரு பத்திரிகைக்குக் கதைகள் தர ஒப்பந்தம் செய்துகொண்டார். மறுநாள் மாலை தெருவில் மயங்கி விழுந்தார். 23-ஆம் தேதி விடிவதற்குள் உயிர் பிரிந்தது. வயது 59.

மீதி இருந்த காகிதக் கட்டுகள் என்ன ஆயின? இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்தக் காகிதங்களிலேயே அவர் உயில் எழுதி வைத்திருந்தார். ஒரு தடவை அல்ல, பல தடவை. யாரிடம் போக வேண்டும், எப்போது அச்சிடலாம், பெண்களின் பெயர்களை எப்படி மாற்ற வேண்டும் என்றெல்லாம். உறவினரான ரொமேன் கொலோம் பொறுப்பெடுத்துக்கொண்டு 1850-களில் படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். நண்பர் குரோசே வசம் இருந்த கையெழுத்துக் கட்டுகள் பிறகு கிரெனோபிள் நூலகத்துக்குப் போயின. சுமார் கால் நூற்றாண்டு அங்கே தூங்கின. அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஸ்திரியென்ஸ்கி என்பவர் கட்டவிழ்த்துப் படித்து, 1889-இல் 'லாமியெல்' நாவலையும் 1890-இல் 'ஆன்ரி புருலார்' நூலையும் அச்சேற்றினார். 'லூசியன் லூவென்' சரியான முழு உருவில் வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். 1880 வாக்கில் என்னைப் புரிந்துகொள்வார்கள், 1935-இல் படிப்பார்கள் என்று ஸ்தாந்தால் எழுதியிருந்தார். கணக்குக் கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. இன்று 'ஆன்ரி புருலார்', அந்தப் பாதியில் நின்ற புத்தகம், பிரெஞ்சு மொழியின் சிறந்த சுயசரிதைகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

நம் நோட்டுகளை நூலகங்கள் போட்டி போட்டு வாங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தாலுகா அலுவலகம் 1975-இல் எப்படி இயங்கியது, ஒரு ஊரில் ரேஷன் கடை வரிசை எப்படி நின்றது என்று கதையாக எழுதியிருப்பது நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். முடிந்ததா முடியவில்லையா என்பதைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் பெயர், எழுதிய ஆண்டு, இது எதைப் பற்றியது என்று இரண்டு வரி எழுதுங்கள். யாரிடம் போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பக்க எண் போட மறக்காதீர்கள், தாள் கலைந்தால் பின்னால் வருகிறவர் பாடு திண்டாட்டம். இதற்கு ஒரு பகல் போதும், எவரிடமும் விடுப்பு கேட்க வேண்டியதில்லை.