அலுவிகாரை: திரிபிடகம் ஏட்டில் ஏறிய குகையும் தமிழர் கைவிட்ட பங்கும்

2019 ஜனவரி 5ஆம் திகதி மாத்தளை அலுவிகாரையில் நடந்த அரச விழாவில், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தேரவாத திரிபிடகத்தை இலங்கையின் தேசிய மரபுரிமையாகப் பிரகடனம் செய்தார். யுனெஸ்கோவின் அங்கீகாரத்தைப் பெறும் முயற்சியும் அந்த ஆண்டிலேயே ஆரம்பமானது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கும் அரசியலமைப்பைக் கொண்ட நாட்டில் இது வியப்பான செய்தியல்ல. ஆனால் அந்த நூல் எப்படி ஏட்டில் ஏறியது, பிறகு யார் யார் கையால் உலகுக்குப் போனது என்று பார்த்தால், ‘தேசிய’ என்ற சொல்லை ஓர் இனத்தின் பெயராக வாசிப்பது கடினமாகிவிடும்.

மாத்தளை நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தொலைவில், ஏ-9 வீதியோரம் இருக்கிறது அலுவிகாரை. பெரும் பாறைகளின் இடுக்குகளில் குகைகள். அவற்றுக்குள் படுத்த நிலையிலான புத்தர், கூரை ஓவியங்கள், நரக தண்டனைகளைக் காட்டும் ஒரு குகை. கண்டியிலிருந்து தம்புள்ளை போகும் சுற்றுலாப் பேருந்துகள் அரை மணி நேரம் நின்று போகும் இடம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாகவே கடத்தப்பட்டு வந்த பாளி திரிபிடகம் முதன்முதலில் இங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு.

பொதுவாகச் சொல்லப்படும் கதை சுருக்கமானது: தமிழர் படையெடுத்தார்கள், வலகம்பா மன்னன் காட்டுக்குள் ஒளிந்தான், தர்மம் அழியும் ஆபத்து வந்தது, துறவிகள் அதை எழுதிக் காத்தார்கள். கதையின் மூலமான மகாவம்சத்தில் விடயம் இதைவிடச் சிக்கலானது. வட்டகாமினி அபயன் என்ற வலகம்பா கி.மு. 103இல் அரியணை ஏறிய சில மாதங்களில், முதலில் கிளர்ச்சி செய்தவன் உள்ளூர்க்காரன். உறுகுணையைச் சேர்ந்த தீசன் என்ற பிராமணன். அதே நேரத்தில் ஏழு தமிழ்த் தலைவர்கள் மாதோட்டத்தில் படையுடன் இறங்கினார்கள். இரு தரப்பையும் மோதவிட மன்னன் முயன்றான். தீசன் தோற்றான், பிறகு மன்னனும் தோற்றான். ஏழு தமிழரில் ஒருவன் அரசியைக் கவர்ந்துகொண்டும், இன்னொருவன் புத்தரின் பிட்சாபாத்திரத்தை எடுத்துக்கொண்டும் மறுகரைக்குத் திரும்ப, மீதி ஐவரும் ஒருவர் பின் ஒருவராக 14 ஆண்டுகளுக்கு மேல் அநுராதபுரத்தில் ஆண்டார்கள். ஐவரில் நால்வர் தமக்கு அடுத்து வந்தவர் கையால் கொல்லப்பட்டனர் என்பதையும் மகாவம்சமே சொல்கிறது. கடைசியாக ஆண்டவனைக் கொன்று கி.மு. 89இல் வலகம்பா ஆட்சியை மீட்டான்.

இதே காலத்தில் கொடிய பஞ்சம் ஒன்றும் நாட்டை வாட்டியது. சிங்கள மரபு அதை ‘பெமினிதியாசாய’ என்று நினைவில் வைத்திருக்கிறது. பாளி உரைகள் சொல்லும் ஒரு செய்தி இங்கே முக்கியம். அறுபது துறவிகள் மலைநாட்டுக்குள் ஒதுங்கி, கிழங்கும் இலையும் தின்று, மனனம் செய்த நூல்களை மறக்காதபடி ஓதிக்கொண்டிருந்தார்கள். ஏனையோர் கடல் கடந்து மறுகரைக்குப் போனார்கள். பஞ்சம் நீங்கிய பின் அவர்கள் திரும்பி வந்து, இங்கிருந்தவர்களின் பாடத்தோடு தமது பாடத்தை ஒப்பிட்டபோது வேறுபாடு காணவில்லை என்கின்றன உரைகள். மறுகரை என்றால் இந்தியா. படைகள் வந்த அதே கடல்தான் துறவிகளுக்கும் அடைக்கலம் போகும் வழியாக இருந்திருக்கிறது. தமிழ்ப் படையெடுப்பைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை ஏனோ சொல்வதில்லை.

இன்னும் ஒன்று. திரிபிடகம் எழுதப்பட்டதைச் சொல்லும் மகாவம்சம் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. மாத்தளைப் பகுதியின் ஆலுலெனையில் அது நடந்தது என்ற தகவல் 14ஆம் நூற்றாண்டின் ‘நிகாய சங்கிரகய’ என்ற சிங்கள நூலில்தான் தெளிவாக வருகிறது. மன்னனின் பங்கும் கேள்விக்குரியது. ஆட்சியை மீட்ட வலகம்பா, தான் தப்பியோடியபோது தன்னை ஏளனம் செய்த சமணத் துறவியின் மடத்தை இடித்து, அங்கே அபயகிரி விகாரையைக் கட்டி, தனக்கு உதவிய துறவிக்குக் கொடுத்தான். அதனால் பழைய மகாவிகாரையோடு பிளவு ஏற்பட்டது. அரச ஆதரவு எதிரணிக்குப் போன நிலையில், மகாவிகாரைத் துறவிகள் தலைநகருக்கு வெகு தொலைவில், தமது பாடத்தை உறுதிப்படுத்திக்கொள்ளவே எழுத்தை நாடினார்கள் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஆக, எதிரி என்று பார்த்தால் பஞ்சம், உள்ளூர்க் கலகம், சங்கத்துக்குள் இருந்த போட்டி எல்லாம் பட்டியலில் வரும்.

அலுவிகாரையில் புத்தகோசருக்கு ஒரு சிலை இருக்கிறது. தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டியது அதைத்தான். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் வந்து, மகாவிகாரையில் இருந்த சிங்கள உரைகளைப் பாளிக்கு மாற்றியவர் அவர். ‘விசுத்திமக்கம்’ அவர் எழுதியது. புத்தகயைக்கு அருகே பிறந்தவர் என்று சூளவம்சம் சொன்னாலும், அவருடைய நூல்களின் முடிவுரைகளில் வரும் ஊர்கள் தென்னிந்திய ஊர்கள். காஞ்சிபுரத்தில் தன்னோடு வாழ்ந்த ஜோதிபாலர் என்ற துறவி கேட்டுக்கொண்டதால் ஓர் உரையை எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார். அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த புத்ததத்தர் உறையூர்க்காரர். அநுராதபுரத்தில் கற்று, காவிரி நாட்டு விகாரைகளில் இருந்து எழுதியவர். அடுத்து வந்த தர்மபாலரும் தமிழ்நாட்டுக் கடற்கரை விகாரை ஒன்றோடு தொடர்புடையவர். இன்று மியான்மாரிலும் தாய்லாந்திலும் கம்போடியாவிலும் திரிபிடகம் இவர்களுடைய உரைகளின் வழியாகவே வாசிக்கப்படுகிறது. அலுவிகாரையில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் நூலை, சிங்களம் தெரியாத உலகத்துக்கு விளக்கிக் கொடுத்ததில் தமிழகத்துத் துறவிகளின் பங்கு பெரிது. மணிமேகலை எழுதப்பட்ட மொழியில் இது ஆச்சரியப்பட வேண்டிய தகவலாக இருப்பதுதான் ஆச்சரியம்.

விகாரையின் அருங்காட்சியகத்தில் ஓலையில் எழுதும் முறையைச் செய்து காட்டுவார்கள். யாழ்ப்பாணத்து ஏடுகள் பெரும்பாலும் பனையோலை, இங்கே தாளிப்பனை. ஆயுளில் ஒரே ஒரு முறை பூத்து மடியும் மரம் அது. அதன் இளங்குருத்தை அவித்து, உலர்த்தி, மரத்தண்டில் தேய்த்து மெருகேற்றி, எழுத்தாணியால் கீறி, பிசின் எண்ணெயில் குழைத்த கரியைப் பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். எழுத்தாணியும் கரிபூசும் வேலையும் தமிழ் ஏட்டுக்கும் சிங்கள ஏட்டுக்கும் பொது.

இங்கிருந்த பழைய ஏடுகள் 1848இல் அழிந்தன. அந்த ஆண்டு டொரிங்டன் ஆளுநரின் புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளையில் வெடித்த கிளர்ச்சியை அடக்க வந்த பிரித்தானியப் படை, விகாரையையும் நூலகத்தையும் நாசமாக்கியது. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். விவசாயிகளின் கோபத்துக்கு அடியில் கோப்பி இருந்தது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தால் பறிபோன நிலத்தில்தான் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் கொலராவிலும் வழிநெடுக மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. அலுவிகாரையைக் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்து, கிளர்ச்சிக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1948 பிரஜாவுரிமைச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1983 ஜூலையில் மாத்தளை நகரின் தமிழ்க் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் யாழ் நூலகம் எரிக்கப்பட்டிருந்தது. அலுவிகாரையின் சாம்பலுக்கு அந்நியன் காரணம். யாழ்ப்பாணத்தின் சாம்பலுக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை.

இத்தனைக்கும் பிறகு பௌத்தத்தில் தமிழருக்கும் பங்குண்டு என்று பேசுவது எளிதல்ல. வடக்கு கிழக்கில் ஒரு பழைய செங்கல் திடல் கண்டுபிடிக்கப்பட்டால் தமிழ்க் கிராமத்தவருக்கு முதலில் வருவது காணி பறிபோகும் பயம். அது கற்பனையான பயமல்ல. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கான ஜனாதிபதி செயலணி பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் அமைக்கப்பட்டபோது, பெரும்பான்மையானோர் தமிழ் பேசும் அந்த மாகாணத்துக்கான குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. முல்லைத்தீவு குருந்தூர்மலையில் ஐயனார் வழிபாட்டிடத்துக்கும் விகாரைக்கும் இடையிலான பிணக்கு நீதிமன்றம் போனது. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி, உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறி 2023 செப்டெம்பரில் பதவி விலகினார்.

இந்தச் சூழலில் தமிழர் தரப்பில் பலர் எடுக்கும் நிலைப்பாடு, பௌத்த எச்சம் எதுவும் தமிழருடையதல்ல என்பதே. அந்த இடத்தில் அதைச் சொல்வது பாதுகாப்பாகத் தோன்றலாம். நடைமுறையில் அது எதிர்த்தரப்பின் வாதத்தை ஏற்றுக்கொள்வதாகிறது: பௌத்தம் என்றால் சிங்களம், ஆகவே தூபி கிடைத்த நிலம் சிங்கள நிலம். கந்தரோடையின் சிறு தூபிகளைப் பற்றிய விவாதமும் இந்தப் பொறிக்குள்தான் சிக்கிக் கிடக்கிறது.

இதற்கு மறுப்பு கல்லிலேயே இருக்கிறது. திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தின் அருகே ‘வெல்கம் வெகெர’ என்ற பௌத்த விகாரையின் இடிபாடுகள் உள்ளன. அங்கே பரணவிதான நடத்திய அகழாய்வில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்தன. அநுராதபுரத்தை அழித்ததாகச் சிங்கள மரபு குற்றஞ்சாட்டும் அதே சோழரின் ஆட்சியில் இந்த விகாரை இடிக்கப்படவில்லை. ‘இராஜராஜப் பெரும்பள்ளி’ என்று பெயர் பெற்று, தமிழர் கொடுத்த பசுக்களையும் விளக்குகளையும் தானமாகப் பெற்றது. தானம் கொடுத்தவர்களின் பெயர்கள் இன்றும் அந்தக் கற்களில் தமிழில் இருக்கின்றன.