கைமாறிய வாக்குறுதிகள்: அமெரிக்கப் பழம் பணத்தாள்கள்

சீனர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்திருந்த பணத்தாளை, மேலை உலகில் முதன்முதலாகத் தன் பெயரால் வெளியிட்ட அரசு அமெரிக்க மண்ணில்தான் இருந்தது. 1690ஆம் ஆண்டு, கியூபெக் மீது படையெடுத்துத் தோற்றுத் திரும்பிய வீரர்களுக்கு ஊதியம் வழங்க மாசசூசெட்ஸ் குடியேற்ற அரசிடம் வெள்ளி இல்லை. எனவே தாளை அச்சிட்டுக் கொடுத்தது. போரும் வெற்றுக் கருவூலமும் தாளும் அந்நாட்டு வரலாற்றில் அதன் பின்னரும் பலமுறை ஒன்றாகவே வந்தன.

விடுதலைப் போர் மூண்ட 1775ஆம் ஆண்டில் கான்டினென்டல் காங்கிரஸ் தன் தாள்களை வெளியிடத் தொடங்கியது. கொண்டுவருபவருக்கு ஸ்பானிய வெள்ளி டாலர் அளிக்கப்படும் என்ற உறுதி அவற்றில் இருந்தது. ஒவ்வொன்றிலும் கையாலேயே ஒப்பமிட்டனர். சிலவற்றின் பின்புறத்தில் இலைகளின் அச்சு காணப்படும். உண்மையான இலையின் நரம்புகளை எந்தச் செதுக்குக் கலைஞனாலும் அப்படியே படியெடுக்க இயலாது என்று கருதிய பெஞ்சமின் பிராங்க்ளின் வகுத்த உத்தி அது. ஆயினும் ஆங்கிலேயர் போலித் தாள்களைப் பரப்பவே செய்தனர். அதைவிடப் பெருங்கேடு, வரி விதிக்கும் அதிகாரமற்ற காங்கிரஸ் ஏறத்தாழ 24 கோடி டாலர் அளவுக்கு அச்சிட்டுத் தள்ளியதுதான். 1781இல் அவை புழக்கத்தை இழந்தன. எதற்கும் உதவாத பொருளைக் குறிக்கும் சொல்லாகவே ‘கான்டினென்டல்’ மக்கள் வழக்கில் நின்றுவிட்டது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் நூறு டாலர் தாளுக்கு ஒரு டாலர் மதிப்புள்ள கடன் பத்திரம் என்று கணக்கைத் தீர்த்தது.

ஊதிய நிலுவைக்கு ஈடாகப் போர்வீரர்கள் பெற்ற சான்றிதழ்களின் கதை இன்னும் கசப்பானது. வறுமையில் வாடியவர்களுள் பலர் அவற்றை முகமதிப்பின் சிறு பகுதிக்கு வணிகர்களிடம் விற்றுவிட்டனர். 1790இல் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன், அவற்றை இப்போது வைத்திருப்பவருக்கே முழுமையாகச் செலுத்த வேண்டும் என்றார். வாங்கியவருக்குச் சந்தை விலையும் எஞ்சியது முதலில் பெற்றவருக்கும் சேரட்டும் என்று ஜேம்ஸ் மேடிசன் வாதிட்டார். பிரதிநிதிகள் சபை மேடிசனின் யோசனையை 36க்கு 13 என்ற வாக்குகளில் நிராகரித்தது. நாட்டின் கடன் நம்பகத்தன்மை அதனால் உயர்ந்தது உண்மையே. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அவ்வீரர்கள் என்பதும் உண்மையே.

இன்றைய சேகரிப்புச் சந்தையின் அளவுகோல் வேறு. 1861 முதல் அமெரிக்க மத்திய அரசு வெளியிட்ட தாள்கள் அனைத்தும் இன்றளவும் முகமதிப்புக்குச் செல்லுபடியாகும். ஆனால் சேகரிப்பாளர் பார்ப்பது அருமையையும் நிலையையும். ஒரே ஒரு மடிப்பு விலையைப் பெரிதும் குறைத்துவிடும். அழுக்கைப் போக்குவதாகக் கழுவுவதும் தேய்ப்பதும் அதைவிடக் கேடு. பின்புறச் சுழியங்கள் தர்ப்பூசணிப் பழத்தை ஒத்திருப்பதால் அப்பெயரிலேயே அறியப்படும் 1890ஆம் ஆண்டின் ஆயிரம் டாலர் தாளொன்று, 2014இல் 32 இலட்சத்து 90 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. சந்தையில் காய்கறி வாங்கிய தாளுக்கு இந்தப் பேறு கிட்டுவது அரிது. எவர் கையிலும் பயன்படாது உறங்கிய தாளே உச்ச விலை பெறுகிறது.

உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் தாள்களையும் சேகரிப்பாளர் விடவில்லை. 1862இல் அது வெளியிட்ட நூறு டாலர் தாளில், பருத்தி வயலில் மண் கொத்தும் அடிமைகளின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு இரண்டு சென்ட் வட்டியும் உறுதியளிக்கப்பட்டது. தன் செல்வம் எவருடைய உழைப்பில் விளைந்தது என்பதை அந்த அரசு மறைக்கவில்லை. அதனைப் பிணையாகவே காட்டியது. 1868இல் நிறைவேறிய அரசமைப்பின் பதினான்காம் திருத்தம் அக்கடன் முழுவதையும் செல்லாததாக்கியது. அடிமைகளை இழந்தமைக்கு எவரும் இழப்பீடு கோர முடியாது என்பதும் அதே பிரிவில்தான் எழுதப்பட்டது.